பதில் எழுதுகிற எம்.எல்.ஏ.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் சாதனை மலர் போன மாதம் வீடு வீடாக வந்தது. வழவழப்பான தாள், முழுக்க வண்ணப் படங்கள். பேருந்து நிழற்குடை, உடற்பயிற்சிக் கூடம், ஆழ்துளைக் கிணறு, பள்ளிக்கு மேசை நாற்காலி, கண் சிகிச்சை முகாம், தையல் இயந்திரம் என்று பக்கத்துக்குப் பக்கம் அவர் எதையாவது திறந்து வைக்கிறார், யாருக்காவது எதையாவது கொடுக்கிறார். அட்டையிலிருந்து அட்டை வரை படித்தேன். பல தேர்தல்களில் நின்று ஜெயித்தவர் அவர். எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு எம்.எல்.ஏ. என்றாலே அவர் முகம்தான் ஞாபகம் வரும். அவருடைய மலரில் நான் தேடியது, சட்டப்பேரவையில் அவர் என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பதை. அதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. கோட்டை வாசலில் அவர் நிற்கிற படம் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

கட்சி எது, தொகுதி எது என்று இந்தப் பதிவில் சொல்லப்போவதில்லை. வடசென்னை என்பது போதும். கட்சியைச் சொன்னால் பாதிப் பேர் அதோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள், மீதிப் பேர் படிக்காமலே ஒப்புக்கொள்வார்கள்.

நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவள். அப்பா ஆரம்பித்தது, 1988 முதல் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் அரசுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது தொழில். ஆனால் சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் இன்னொரு கூட்டம் வரும். மனு டைப் அடிக்க வருகிறவர்கள். தெருக்குழாயில் சாக்கடை நாற்றம், முதியோர் பென்ஷன் நின்றுபோனது, பட்டா, ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனது, ஸ்கூல் சீட் என்று எல்லாம் வரும். விடுநர், பெறுநர், பொருள், பார்வை, ஐயா வணக்கம். பெரும்பாலான மனுக்களில் பெறுநர் எம்.எல்.ஏ.தான். ஆகவே இந்தத் தொகுதி அவரிடம் என்ன கேட்டது என்பது, ஏறக்குறைய முழுவதும், என் விரல் வழியாகப் போயிருக்கிறது. அதற்கு என்ன பதில் வந்தது என்பதையும் எனக்குத் தெரியாமல் யாரும் வைத்துக்கொண்டதில்லை. பதில் வந்தால் படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

அவர் முதல்முறை ஜெயித்து வந்த காலத்தில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. அவரிடம் வயதான உதவியாளர் ஒருவர் இருந்தார், பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். நீளமான கணக்கு நோட்டு ஒன்று வைத்திருப்பார். மனு வந்த தேதி, யார், எந்தத் தெரு, என்ன விஷயம், எந்த அலுவலகத்துக்கு அனுப்பியது, என்ன பதில் என்று ஆறு பத்தி. கடைசிப் பத்தி காலியாக இருந்தால் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைப்பார். மனு கொடுத்தவருக்கு ஒரு போஸ்ட் கார்டு வரும்: தங்கள் மனு இன்ன தேதியில் கிடைத்தது, இன்ன அலுவலகத்துக்கு இன்ன எண்ணில் அனுப்பப்பட்டுள்ளது. இரண்டே வரி. கீழே எம்.எல்.ஏ.வின் கையெழுத்து, அச்சு அல்ல, பேனாவில் போட்டது. அந்தக் கார்டை எங்கள் ஜனங்கள் ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார்கள். அதில் இருக்கும் எண்தான் அடுத்த மனுவில் 'பார்வை' என்ற இடத்தில் வரும். பார்வை இருக்கிற மனுவை எந்த அலுவலகமும் புதிய மனு என்று தள்ளிவைக்க முடியாது. பழைய கோப்பைத் தேடியே ஆகவேண்டும். பெரியவர் காலமான பிறகு அந்த நோட்டு தொடரவில்லை. எம்.எல்.ஏ.வின் லெட்டர் பேடில் "தகுந்த நடவடிக்கைக்காகப் பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது" என்று ஒரு சீல் குத்தி, மனுவை வந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள் என்பார்கள். கொடுத்தவருக்கும் எண் இல்லை, அனுப்பியவரிடமும் கணக்கு இல்லை.

சாக்கடைக்கும் குழாய்க்கும் ஏன் எம்.எல்.ஏ.விடம் போகிறீர்கள், கவுன்சிலர் எதற்கு இருக்கிறார் என்று படித்த நண்பர்கள் கேட்பதுண்டு. சென்னையில் அது நியாயமான கேள்வி அல்ல. 1973 இல் இங்கே மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் நடந்தது 1996 இல். இருபத்து மூன்று வருடம் இந்த நகரத்தில் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. அந்த இடைவெளியில் வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றவர்களுக்கு வீட்டு வாசலில் பார்க்கக்கூடிய ஒரே மக்கள் பிரதிநிதி எம்.எல்.ஏ.தான். அப்புறம் 2016 இல் மன்றத்தின் காலம் முடிந்தது, மறுபடியும் 2022 பிப்ரவரி வரை தேர்தல் இல்லை. இப்போது 200 வார்டுக்கும் கவுன்சிலர் இருந்தாலும், மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றால் என் வயதுக்காரர்களின் கால் எம்.எல்.ஏ. அலுவலகத்தை நோக்கித்தான் போகிறது. இதில் எம்.எல்.ஏ.க்களின் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அதன் விளைவாக அவர்கள் செய்ய வேண்டிய வேலை, அதாவது அரசாங்கத்தைக் கேள்வி கேட்பதும் சட்டத்தைப் படித்து விவாதிப்பதும், தொகுதியின் கண்ணிலிருந்தே மறைந்துபோய்விட்டது.

எம்.எல்.ஏ.வே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் வடசென்னை பார்த்திருக்கிறது. 2016 டிசம்பர் 5 அன்று முதல்வர் ஜெயலலிதா மறைந்தபோது அவர் ஆர்.கே. நகர் உறுப்பினர். காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம். 2017 ஏப்ரலில் நடக்க இருந்த இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடா புகாரால் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. ஓட்டுப் போட்டது டிசம்பர் 21 அன்று. ஒரு வருடத்துக்கும் மேல் அந்தத் தொகுதிக்குப் பேரவையில் குரல் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து என்னிடம் மனு டைப் அடிக்க வந்தவர்கள், "டீச்சர், பெறுநர்ல யாரைப் போடறது?" என்று கேட்டார்கள். ஆதாரில் முகவரி மாற்றும் படிவத்துக்குக் கையெழுத்து வாங்கக்கூட அடுத்த தொகுதிக்கு அலைந்தவர்கள் உண்டு. இருந்த பெயர்ப்பலகை எடுக்கப்பட்ட பிறகுதான் அந்தக் கையெழுத்தின் தேவை அவர்களுக்கே தெரிந்தது.

சரி, எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு வருகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்தே விளங்கும். எங்கள் தொகுதியில் ஒரு அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே வீடு ஒதுக்கப்பட்டவர்கள் மாதத் தவணை கட்டினார்கள். முழுத் தவணையும் கட்டி முடித்தால் வீடு அவர்கள் பெயருக்கு விற்பனைப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். மீன் விற்கிற ஒரு அம்மா கடைசித் தவணையைக் கட்டிவிட்டு, ரசீது ஒவ்வொன்றையும் தேதி வாரியாக நூலில் கோர்த்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பத்திரம் கேட்டு மனு டைப் அடித்தேன். பதில் இல்லை. மறுபடி ஒன்று. அதற்கும் இல்லை. அப்போது நோட்டுக்காரப் பெரியவர் இருந்தார். எம்.எல்.ஏ. மூலமாக எழுதி, விடாமல் நினைவூட்டி, ஒரு நாள் எழுத்தில் பதில் வாங்கினார். மூன்று வரிப் பதில். பத்திரம் வழங்க இயலாது, ஏனென்றால் கட்டடம் நிற்கிற நிலம் இன்னும் வேறொரு துறையின் பெயரில் இருக்கிறது, உரிமை மாற்றம் முடியவில்லை.

'இயலாது' என்றுதான் வந்தது. ஆனாலும் அன்றைக்கு அந்த அம்மாவின் முகத்தில் வந்த தெளிவை நான் பார்த்தேன். அதுவரை தன் ரசீதில்தான் ஏதோ குறை, யாருக்கோ பணம் கொடுக்காததால்தான் நிற்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு தரகர் அப்படித்தான் சொல்லி அவரிடம் பணமும் வாங்கியிருந்தார். அந்த மூன்று வரி வந்ததும் தரகருக்கு வேலை போயிற்று. இனி யாரிடம் போகவேண்டும், எதைக் கேட்கவேண்டும் என்பது அந்தக் குடியிருப்பு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பணம் கட்டியவர் பக்கம் பாக்கி எதுவும் இல்லை, அரசின் ஒரு துறைக்கும் இன்னொரு துறைக்கும் நடுவில்தான் கோப்பு நிற்கிறது. சென்னையில் இப்படி நில உரிமை மாற்றம் முடியாமல் பத்திரம் நிற்கிற குடியிருப்பு இது ஒன்று மட்டும் அல்ல. காரணம் எழுத்தில் தெரிகிற இடங்களில் ஜனங்கள் சேர்ந்து கேட்கிறார்கள். தெரியாத இடங்களில் ஒவ்வொருவரும் தனியாகத் தரகரிடம் போகிறார்கள்.

இதை எங்கள் எம்.எல்.ஏ. பேரவையில் கேட்டாரா என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் இப்போது இணையத்தில் பெரும்பாலும் கிடைக்கின்றன. பழைய குறிப்புகளைப் புரட்டுவது எனக்குப் பிடித்த வேலை ஆகிவிட்டது. ஒவ்வொரு சொல்லும் அப்படியே பதிவாகியிருக்கும். அடைப்புக்குறிக்குள் "மேசையைத் தட்டும் ஒலி" என்று வரும். நேரம் முடிந்தால் மணி அடித்ததும் பதிவாகும். அமைச்சர் எங்கே சுற்றி வளைத்தார், உறுப்பினர் எங்கே விட்டுக்கொடுத்தார் என்று வரிக்கு வரி தெரியும். வருடக்கணக்கில் மற்றவர்களின் குறையை டைப் அடித்த எனக்கு, அந்தக் குறை கோட்டைக்குள் போய் எப்படி ஒலிக்கிறது என்பதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்த்தது.

கேட்டிருக்கிறார். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்த காலத்தில், குடியிருப்பின் பெயரைச் சொல்லி, தவணை முடிந்த குடும்பங்களுக்குப் பத்திரம் வழங்க அரசு ஆவன செய்யுமா என்று கேட்டிருக்கிறார். நில மாற்றம் தொடர்பான நடவடிக்கை பரிசீலனையில் உள்ளது, விரைவில் முடிக்கப்படும் என்று அமைச்சர் சொல்லியிருக்கிறார். எம்.எல்.ஏ. நன்றி சொல்லி உட்கார்ந்திருக்கிறார். பிறகு அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. அதற்கப்புறம் அவர் பேச்சுகளில் நான் தேடிய வரையில் அந்தக் குடியிருப்பு வரவில்லை. துறைகளின் செலவுக்குப் பேரவை ஒப்புதல் கேட்கிற மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுந்தால் தலைவருக்கு நன்றி, அமைச்சருக்கு நன்றி, திட்டங்களுக்குப் பாராட்டு. மணி அடிக்கும்போதுதான் தொகுதியின் கோரிக்கைகளை வேகமாக வாசிக்கிறார்.

ஆளுங்கட்சி உறுப்பினர் தன் அமைச்சரைக் குடைந்து கேட்க முடியாது என்பார்கள். முடியும். 1930களில் மத்திய சட்டசபையில் சென்னையின் பிரதிநிதியாக இருந்த சத்தியமூர்த்தியின் பெயர் நிலைத்ததே கேள்வி நேரத்தால்தான். அவர் எதிர்வரிசைக்காரர், அது உண்மைதான். ஆனால் அவர் பலம் குரலில் இல்லை, துணைக் கேள்வியில் இருந்தது. அமைச்சர் கொடுத்த பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பார். அதை எந்த வரிசையில் உட்கார்ந்தும் செய்யலாம். 1939 இல் சென்னை மேயராக வந்தபோதும் அதே பிடிவாதம்தான் பூண்டி நீர்த்தேக்கமாக ஆனது. 1944 இல் அது முடிந்தபோது பார்க்க அவர் உயிரோடு இல்லை. நாம் இன்றும் குடிக்கிற தண்ணீரில் அவர் பங்கு இருக்கிறது.

நீண்ட காலம் என்று பார்த்தால் தமிழ்நாட்டில் கருணாநிதியின் கணக்கை யாரும் தொடவில்லை. 1957 இல் குளித்தலை முதல் 2016 இல் திருவாரூர் வரை 13 தேர்தல், 13 வெற்றி. அதில் 9 சென்னையில்: சைதாப்பேட்டையில் இரண்டு, அண்ணா நகரில் இரண்டு, துறைமுகத்தில் இரண்டு, சேப்பாக்கத்தில் மூன்று. முரசொலியில் அவர் தொண்டர்களுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, முதல்முறை உறுப்பினராகக் கோட்டைக்குள் நுழைந்தவர் தன் தொகுதியின் நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினையைப் பேச எழுந்தது. ஒரு கிராமத்தின் பெயர் பேரவைக் குறிப்பில் ஏறிவிட்டால் அதற்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும். கட்சிக்காரனுக்கு எழுதுகிற கடிதத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கேள்வியை எப்படி எழுதுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. இதை மனு டைப் அடிக்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன். "அரசு ஆவன செய்யுமா" என்று கேட்டால் "பரிசீலிக்கப்படும்" என்றுதான் பதில் வரும். "நிதிநிலைக்கேற்ப" என்று ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்வார்கள். கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில் யாருக்குக் கடிதம் போனது, எத்தனை குடும்பம் தவணை முடித்திருக்கிறது என்று கேட்டால் அமைச்சர் தேதியும் எண்ணிக்கையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அவையில் தவறான தகவல் சொல்வது சின்ன விஷயம் இல்லை. அமைச்சர் "பரிசீலனையில் உள்ளது" என்று சொன்னால்கூட அது காற்றோடு போகிற பேச்சு அல்ல. மக்களவையில் அந்தச் சொற்றொடரே உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று விதி. நம் பேரவையிலும், அமைச்சர்கள் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்க, அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. எங்கள் குடியிருப்புக்கு அமைச்சர் கொடுத்த வார்த்தையை அந்தக் குழுவின் முன் கொண்டுபோக எங்கள் எம்.எல்.ஏ.வுக்குப் பல வருடங்கள் இருந்தன.

மலரில் அதிக இடம் பிடித்திருப்பது தொகுதி மேம்பாட்டு நிதி. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எந்த வேலை என்று எம்.எல்.ஏ. பரிந்துரைப்பார், ஒப்புதல் கொடுத்துச் செய்து முடிப்பது அதிகாரிகள். அது நம் வரிப்பணம். நிழற்குடையின் நெற்றியில் அவர் படத்தைப் பெரிதாகப் போடுவது எனக்கு ஒருநாளும் சரியாகப் படவில்லை. நாடாளுமன்றத்தில் நீண்ட காலம் இருந்த நம் இரா. செழியன், எம்.பி.க்களுக்கு 1993 இல் இப்படி ஒரு நிதி தொடங்கியதை எதிர்த்துத் தொடர்ந்து எழுதினார். அரசின் செலவைக் கண்காணிக்க வேண்டியவரே செலவு செய்கிறவராக மாறினால் யார் யாரைக் கேட்பது என்பது அவர் வாதம். உச்ச நீதிமன்றம் 2010 இல் அந்தத் திட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அது சட்டத்துக்கான தீர்ப்பு. செழியனின் கேள்வி எனக்கு இன்னும் அப்படியேதான் நிற்கிறது. நிதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் பள்ளிக்கூடத்துக் கழிப்பறை அந்தப் பணத்தில் கட்டியதுதான். எந்தத் தெருவில் என்ன வேலை, மதிப்பீடு எவ்வளவு, முடிந்தது எவ்வளவில் என்று அந்தத் தெரு முனையிலேயே எழுதிவைக்கலாம் என்கிறேன்.

கேரளத்தில் உம்மன் சாண்டியைப் பற்றி என் மலையாளித் தோழி நிறையச் சொல்வாள். புதுப்பள்ளித் தொகுதியில் 1970 முதல் 2023 இல் இறக்கும் வரை அவர்தான் எம்.எல்.ஏ. முதல்வராக இருந்தபோதும் ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்தால் வீடு முழுக்க மனுக்காரர்கள். மாவட்டம் மாவட்டமாக மைதானத்தில் நின்று மணிக்கணக்காக மனு வாங்கிய அவருடைய மக்கள் தொடர்புத் திட்டத்துக்கு 2013 இல் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் சேவை விருது கிடைத்தது. இறந்தபோது திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயம் போய்ச்சேர ஒரு நாளுக்கும் மேல் ஆனது, வழியெல்லாம் அவ்வளவு ஜனம். அதே திட்டத்தைப் பற்றி அங்கேயே ஒரு விமர்சனமும் இருந்தது: கிராம அலுவலகத்தில் தீரவேண்டிய வேலையை முதல்வரே செய்தால் கிராம அலுவலகம் எப்போது திருந்தும் என்று. இரண்டையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த விமர்சனம் சரி. ஆனால் மனுவை அங்கேயே படித்து, அங்கேயே முடிவை எழுதிக் கொடுத்த கையை நான் மதிக்கிறேன்.

எங்கள் எம்.எல்.ஏ.வும் ஜனங்களோடு இல்லாதவர் அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டோடு வந்தார், கூடப் படமெடுக்க யாரையும் அழைத்து வரவில்லை. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் மாலையோடு வருவார். ஒரு பெண்ணுக்கு நள்ளிரவில் அரசு மருத்துவமனையில் படுக்கை கிடைக்காதபோது தானே போன் போட்டார். இதையெல்லாம் நான் சொல்லாவிட்டால் பொய் சொன்னவள் ஆவேன். இப்போது அவருக்கு முகநூல் பக்கம் இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தினமும் காலையில் காதணி விழா, மதியம் திருமணம், கோடையில் நீர்மோர்ப் பந்தல் என்று படங்கள் வரும். அந்தக் குழுவில் அட்மின் மட்டும்தான் பதிவிடலாம். நாங்கள் கை கூப்பலாம், பூ அனுப்பலாம். எங்கள் தெருக் குழாயைப் பற்றி எழுத முடியாது.

2022 ஆகஸ்டில் முதல்வர் எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நெடுநாளாகத் தீராத பத்துக் கோரிக்கைகளைப் பட்டியல் போட்டு அனுப்பச் சொன்னார். கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லாருக்கும் வந்த கடிதம். எங்கள் தொகுதிக்குப் போன பத்து எவை என்று தொகுதியில் யாரும் எங்களிடம் கேட்கவில்லை, போன பிறகும் சொல்லவில்லை. ஒரு நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தால் போதும். அந்தக் குடியிருப்புப் பெண்கள் தங்கள் பத்திரம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள், இல்லாவிட்டால் சண்டை போட்டிருப்பார்கள். அந்தச் சண்டை நடந்திருக்க வேண்டும்.

மலரைப் படித்து முடித்ததும் நான் ஒரு வேலை செய்தேன். எம்.எல்.ஏ. தன் தொகுதிக்கு ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய அறிக்கை என்று இரண்டு பக்கத்தில் ஒரு மாதிரி தயாரித்தேன். வந்த மனு எத்தனை, எந்தெந்தத் துறைக்குப் போனது, தீர்ந்தது எவ்வளவு, முடியாது என்று வந்தது எவ்வளவு, ஏன் முடியாது. பேரவை கூடிய நாளில் அவர் கேட்ட கேள்வி, கிடைத்த பதில். நிதியில் செய்த வேலை, தெருவும் தொகையும். பேரவைக் குறிப்பிலிருந்தும் பொதுவில் கிடைக்கிற பட்டியலிலிருந்தும் என்னால் நிரப்ப முடிந்ததை நிரப்பி, மற்ற கட்டங்களைக் காலியாக விட்டு, அவர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போதைய உதவியாளர் என்னிடம் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் படித்த பையன். பொறுமையாகப் படித்தான்.

"டீச்சர், முடியாதுன்னு நாமளே எழுதிக் குடுத்தா ஓட்டுப் போயிடாதா?"

"அவங்களுக்கு முடியலைன்னு ஏற்கெனவே தெரியும் தம்பி. ஏன் முடியலைன்னுதான் தெரியாது. அதை நீ எழுதிக் குடுக்கலைன்னா வேற யாரோ வந்து கதை சொல்லிட்டுப் போவாங்க."

அவன் யோசித்தான். அண்ணனிடம் கொடுக்கிறேன் என்று வாங்கிவைத்தான். கொடுப்பான், நல்ல பையன். பழைய கணக்கு நோட்டு எங்கேயாவது இருக்கிறதா என்றும் கேட்டேன். பீரோவில் தேடிப் பார்க்கிறேன் என்றான்.

மீன் விற்ற அம்மா இப்போது இல்லை. அவர் மகள் அதே வீட்டில் இருக்கிறார், ரசீதுகளும் இருக்கின்றன. போன வாரம் அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு அடித்தோம். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். நில உரிமை மாற்றக் கோப்பின் இன்றைய நிலை என்ன, கடைசிக் கடிதத்தின் எண்ணும் தேதியும் என்ன, நகல் வேண்டும் என்று. எம்.எல்.ஏ.வுக்குத் தனியாக இன்னொரு மனு. பெறுநரில் அவர் பெயர். பார்வை ஒன்றில் பெரியவர் வாங்கித் தந்த அந்த மூன்று வரிப் பதில். பார்வை இரண்டில் பேரவையில் அமைச்சர் கொடுத்த வாக்கு, தேதியோடு, பக்க எண்ணோடு. கீழே, அவர் பேரவையில் கேட்க வேண்டிய கேள்வியை நாங்களே எழுதிக் கொடுத்தோம்:

"மேற்படி குடியிருப்பின் நில உரிமை மாற்றம் விரைவில் முடிக்கப்படும் என்று இப்பேரவையில் அளிக்கப்பட்ட உறுதிமொழி எந்த நிலையில் உள்ளது? கோப்பு இன்று எந்த அலுவலகத்தில் உள்ளது? தவணை முழுவதும் செலுத்திய குடும்பங்கள் எத்தனை? அவர்களுக்குப் பத்திரம் எந்தத் தேதிக்குள் வழங்கப்படும்?"

'ஆவன செய்யுமா' என்று எங்கும் எழுதவில்லை. மகள் கையெழுத்துப் போட்டார், மற்றவர்களும் போட்டார்கள். அலுவலகத்தில் கொடுத்தால் சீல் வைத்த நகலை வாங்காமல் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன், வாங்கிவந்துவிட்டார்கள். கேள்வி நேரத்தை 2022 ஜனவரியிலிருந்து நேரலையில் காட்டுகிறார்கள், செல்போனிலேயே பார்க்கலாம். அடுத்த கூட்டத்தொடர் எப்போது என்று தெரிந்ததும் அந்தப் பெண்களுக்குச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவர் எழுந்து கேட்டால், அமைச்சர் சொல்கிற பதிலை அன்றைக்கே டைப் அடித்துக் குடியிருப்பின் ஒவ்வொரு பிளாக்கிலும் ஒட்டுவோம். கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று விளக்கம் கோரி அடுத்த மனு போகும். அதற்குப் பார்வை மூன்று தயாராக இருக்கிறது.